வரப்போகும் பெட்டியும் வந்துபோன பெட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"விஜயா, இங்க வா. இத்தப் படி."

டீசல் விலை, மழை வருமா வராதா – இந்த இரண்டைத் தவிர பேப்பரில் வேறெதையும் அவர் எனக்குக் காட்டியதில்லை. அன்று அவர் விரல் வைத்திருந்தது உள்பக்கத்தில், ஒரு மூலையில் இருந்த சின்னச் செய்தி மேல்.

அமெரிக்காவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கிற கம்ப்யூட்டருக்குள் ஓடுவதும் அவர்கள் செய்த சாஃப்ட்வேர்தான். இத்தனை நாள் பெட்டிக்குள் ஓடும் சங்கதியை மட்டும் செய்துகொண்டிருந்தவர்கள், இப்போது பெட்டியையே செய்யப் போகிறார்களாம். என்ன பெட்டி? வீடியோ கேம் பெட்டி. டி.வி.யில் மாட்டி விளையாடுவது.

'போகிறார்களாம்', 'என்று தெரிகிறது', 'பேசிக்கொள்கிறார்கள்' – செய்தி முழுக்க இப்படித்தான். எப்போது வரும், எப்படி இருக்கும், நம் ஊருக்கு வருமா… எதுவும் உறுதியில்லை.

"சரி, அதுக்கின்னா இப்போ?" என்றேன்.

"மும்தாஜுக்குச் சொல்லணும். நாஷ்டா முடிச்சிட்டுப் போலாம்."

ஐம்பதைத் தாண்டிய மனுஷர். பெயர் ஏகாம்பரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஸ் ஓட்டியவர். அமெரிக்காக்காரன் வீடியோ கேம் பெட்டி செய்தால் இவருக்கு என்ன, செய்யாவிட்டால்தான் என்ன?

சொல்கிறேன். நடுவில் சில வாரங்கள் நான் எழுதும் இந்தப் பத்தி வராமல் போனதைக் கவனித்து விசாரித்திருந்தீர்கள். 'வீட்டில் உடம்பு சரியில்லை' என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டேன். அந்த வரிக்குப் பின்னால் இருந்ததை எழுத இப்போதுதான் தெம்பு வந்திருக்கிறது.

*

உத்திரமேரூர் – காஞ்சிபுரம் ரூட்டில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு இவர்தான் டிரைவராக இருந்தார். அந்த ரோட்டில் இவர் வண்டியை ஓவர்டேக் செய்யாத வாகனம் கிடையாது. "ஏகாம்பரம் பஸ்ஸா? தூங்கிக்கினே போலாம்" என்பார்கள். பாராட்டா, கிண்டலா என்று கேட்டால் சிரிப்பார். விபத்து என்று ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஒருநாள் காலை, டூட்டிக்குக் கிளம்பும் முன் கண்ணாடி எதிரே நின்று ஷேவிங் செய்துகொண்டிருந்தார். ரேசர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். கை போகவில்லை. என்னைக் கூப்பிட்டார். அது என் பெயர் மாதிரியே இல்லை.

பக்கவாதம்.

இன்னும் கொஞ்ச நேரம் தள்ளி நடந்திருந்தால்? திருப்புலிவனம் தாண்டி, காலை நேரக் கூட்டத்தோடு, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது? நன்றி சொல்லத் தொடங்கினால் நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டில் நடந்ததே, பஸ்ஸில் நடக்கவில்லையே…

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சும் வந்தது – கொஞ்சம் குழறலோடு. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கியது. விரல்கள் பாதி மூடியபடியே இருந்தன.

கை வராவிட்டால் என்ன, இன்னொரு கை இருக்கிறதே என்று சொல்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இடது கையில் ஸ்பூன். குழந்தை சாப்பிடுவதுபோல் சட்டையெல்லாம் குழம்பு. நான் ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்வார். யாராவது பார்க்க வந்துவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். அவரோடு பல வருஷம் ஓடிய கண்டக்டர் ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தார். இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர் கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஃபிசியோதெரபி பெண் இருந்தாள். சின்ன வயசு, நல்ல பொறுமை. ரப்பர் பந்தை அழுத்த வேண்டும், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொண்டைக்கடலை எடுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். தனியாக என்னிடம், "முதல் சில மாசம்தாங்க முக்கியம். இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். எப்படியாவது செய்ய வைங்க" என்றாள்.

எப்படியாவது என்றால் எப்படி?

"பந்து பிடிச்சிக்கினு, கடலை பொறுக்கிக்கினு… நான் இன்னா பால்வாடிக்கா போறேன்?" என்றார் இவர். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அங்கேயே கிடந்தது. கெஞ்சினேன். திட்டினேன். ஒருநாள் அவர் எதிரிலேயே அழுதேன். அசையவில்லை. பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது – அவருக்குப் பயம். பந்தை அழுத்திப் பார்த்து, அழுந்தாமல் போனால்? முயற்சி செய்யாத வரைக்கும் தோற்கவும் இல்லை அல்லவா?

எனக்கோ, அந்தப் பெண் சொன்ன சில மாசம் கரைந்துகொண்டிருந்தது.

*

இனி மும்தாஜ்.

எங்களுக்கு அடுத்த தெரு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டின் முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள்; கூடவே ஃபேன்சி சாமான்கள். அவள் கணவர் சவுதியில் இருக்கிறார். போன முறை லீவில் வந்தபோது ஜப்பான்காரன் செய்த வீடியோ கேம் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். சி.டி. போட்டு ஓட்டுவது. அவர் திரும்பிப் போனதும் மும்தாஜ் அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பழைய டி.வி. ஒன்றில் மாட்டி வைத்துவிட்டாள். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் காசு கொடுத்து விளையாடப் பிள்ளைகள் கூட்டம். தையலைவிட அதில்தான் வீடு ஓடுகிறது என்று அவளே சொல்வாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். அவள் வீட்டு வாசலில் நிழல் இருக்கிறதே என்று இவரை நிற்க வைத்திருந்தேன். ஆட்டோ வருகிற வழியாக இல்லை. மும்தாஜ் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். யாரோ ஒரு காலேஜ் பையன் டி.வி.யில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தான். சிவப்புக் கார் ஒரு வளைவில் பறந்து வந்து, சுவரில் மோதி, குட்டிக்கரணம் அடித்தது.

"இன்னா வண்டி ஓட்றான்" என்றார் இவர். "வளைவுல கியரைக் கொறைக்காம திருப்பறான் பாரு."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவராகச் சொன்ன முழு வாக்கியம் அது. நான் அப்படியே நின்றேன்.

பையன் விளையாடி முடித்துக் கிளம்பினான். மும்தாஜ் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க. எல்லாரும் இடிச்சிக்கினேதான் போறாங்க. ஒயுங்கா ஓட்டி நானும் பார்த்ததில்ல."

இவர் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார்.

"இத்த வெச்சிக்கினா?"

"கையும் சும்மாதான கீது. வண்டியும் சும்மாதான கீது."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் இவர் எழுந்து போயிருப்பார். இரக்கமும் இல்லாமல், கிண்டலும் இல்லாமல், 'கொஞ்சம் தண்ணி குடுங்க' என்பதுபோல் அவள் சொன்னாள். எழுந்து வந்து ரிமோட்டை – வண்டியை ஓட்டும் பட்டன்கள் இருப்பதை அவள் அப்படித்தான் சொல்வாள் – அவர் மடியில் வைத்தாள். சுருண்டிருந்த விரல்களை விரித்து, கட்டை விரலை ஒரு பட்டன் மேல் வைத்தாள்.

"இதான் ஆக்சிலேட்டர்."

டி.வி.யில் கொடி அசைந்தது. மற்ற கார்கள் புகையைக் கிளப்பிக்கொண்டு போயின. எங்கள் கார் நின்ற இடத்திலேயே நின்றது. இவர் நெற்றியில் வேர்த்தது. பல்லைக் கடித்தார். கட்டை விரல் வெறுமனே பட்டன் மேல் கிடந்தது. போன கார்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்களைத் தாண்டி, மறுபடியும் போயின.

எனக்குத் தாங்கவில்லை. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். மும்தாஜ் என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

கார் நகர்ந்தது.

கொஞ்ச தூரம்தான். நேராகப் போய், ஓரத்துச் சுவரில் மெல்ல முட்டி நின்றது. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. இவர் திரும்பவில்லை.

"இன்னொரு வாட்டி" என்றார்.

*

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் அங்கே போக ஆரம்பித்தார். நான் ஆபீஸில் இருப்பேன். கம்பை ஊன்றிக்கொண்டு தனியாகவே போவார். பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும் நேரம், கடை காலியாக இருக்கும். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பார்.

லீவு நாளில் ஒருமுறை அவரோடு போய்ப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மற்ற கார்களெல்லாம் அம்பு மாதிரிப் பறக்கின்றன. இவர் கார் மட்டும் ரோட்டின் இடது ஓரமாக, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டு… காஞ்சிபுரம் ரோடேதான்.

"அண்ணே, இது ரேஸு. ரூட் பஸ் இல்ல" என்றாள் மும்தாஜ்.

"இருந்தா இன்னா? உள்ள ஜனங்க கீறாங்கன்னு நெனச்சித்தான் ஓட்டணும்."

"இத்தினி நாளா கடைசியாத்தான் வர்றீங்க."

"வண்டில கீறல் இருந்துச்சா, அத்தச் சொல்லு."

அவள் தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணித்தான் சிரிப்பு வந்தது. எனக்கு அதைவிட அழகான சிரிப்பு வேறு வேண்டாம்.

அந்தச் சமயத்தில் செங்கல்பட்டுக்குப் போனபோது, ஃபிசியோதெரபி பெண் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கட்டை விரல்ல நல்லா பலம் வந்திருக்கே. எந்தப் பயிற்சிங்க விடாமப் பண்றாரு?" என்றாள். இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதையே பண்ணட்டும். ஆனா பந்தையும் விடக்கூடாது. விரிக்கிற பயிற்சி அந்த விளையாட்டுல கிடைக்காது" என்றாள்.

இதைப் படிக்கும் டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையையும் பயிற்சியையும் தூக்கிப் போட்டுவிட்டு வீடியோ கேம் வாங்குங்கள் என்று நான் எழுதவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பந்து எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அவருக்கு இப்போது ஒரு காரணம் இருந்தது. பந்தை அழுத்தினால் விரல் வரும். விரல் வந்தால் பிரேக் பிடிக்கலாம்.

*

எல்லாம் நல்லபடியாகப் போனால் அது எங்கள் ஊரா?

ரேஷன் கடை கியூவில் ஒரு அம்மாள் என் காதருகே வந்தார். "இன்னா விஜயா, உன் வூட்டுக்காரரு தெனம் மத்தியானத்துல அங்கதான் கீறாராமே. அவ புருசனும் ஊர்ல இல்ல…"

"ஆமாங்க, வண்டி ஓட்டப் போறாரு" என்றேன். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ. எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

என் காதுக்கு வந்தது அவர் காதுக்கு வராமல் இருக்குமா? டீக்கடையில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மறுநாள் இவர் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"போகலியா?" என்று கேட்டேன்.

"வேணாம். நல்ல பொண்ணு. என்னால அதுக்குப் பேஜார் வரக்கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரோடு சண்டை போடுவது? மறுபடியும் கட்டில், மறுபடியும் சுவர். அப்போதுதான் ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தது. பந்தை நான் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுத்தவில்லை.

மும்தாஜ் சில நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் ஒரு மத்தியானம் – எனக்கு உடம்பு சரியில்லாமல் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன் – வாசலில் செருப்புச் சத்தம். ஒரு பெரிய ஒயர் கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே டர்க்கி டவலில் சுற்றிய அந்த மெஷின், ஒயர், ரிமோட், சி.டி. எல்லாம்.

"இன்னாம்மா இது?" என்று எழுந்து உட்கார்ந்தார் இவர்.

"நீங்க கடைக்கு வரல. அதான் கடை வந்துடுச்சி."

"ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்கம்மா."

"தெரியும் அண்ணே. எனக்கும்தான் காது கீது." கூடையிலிருந்து மெஷினை எடுத்து எங்கள் டி.வி. மேல் வைத்தாள். "அவங்க வாய் அவங்களோட. கை உங்களோட. எத்தப் பார்க்கறது?"

"உன் புருசன்…"

"நேத்து அவருகிட்ட ஃபோன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'அண்ணன் வண்டில எத்தினி வாட்டி காஞ்சிபுரம் போயிருக்கோம், எடுத்துக்கினு போய்க் குடு'ன்னாரு." ஒயரைச் செருகினாள். "நான் இங்க ஒக்கார மாட்டேன். மாட்டிக் குடுத்துட்டுப் போயிடுவேன். ஸ்கூல் விடறதுக்குள்ள வந்து எடுத்துக்கினு போறேன். அவ்ளோதான்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த மெஷின்தான் அவள் வீட்டு அரிசி, பருப்பு. கீழே விழுந்தால் இந்த ஊரில் ரிப்பேர் செய்ய ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுப்பதற்கே நாம் யோசிக்கிறோம். அவள் தன் பிழைப்பைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பேசிய அதே ஜனங்களின் வாசல்களைத் தாண்டி, பட்டப்பகலில் நடந்து வந்தாள்.

அன்று மட்டுமல்ல. தினமும் வந்தாள். மழை பெய்த நாளில், தான் நனைந்தபடி, மெஷினை பிளாஸ்டிக் ஷீட்டில் மூடிக்கொண்டு வந்தாள். முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் ஒருவரே, "குடும்மா, நான் தூக்கிக்கினு வர்றேன்" என்று கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

*

கை வந்தது. ஒரே நாளில் அல்ல. முதலில் கட்டை விரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு மணிக்கட்டு. சட்டைப் பட்டனைப் போட ஒரு யுகம் ஆகும். ஆனால் போடுவார். பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாடு போட்டேன். ரசம் ஊற்றினேன். ஸ்பூனைப் பக்கத்தில் வைத்தேன். இவர் அதை எடுத்துத் தட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார். வலது கையைச் சோற்றில் வைத்தார். பிசைந்தார். ஒரு கவளம் எடுத்தார். பாதி வழியில் சிந்தியது. மீதி வாய்க்குப் போனது.

மோர் எடுக்கப் போவதுபோல் நான் சமையலறைக்குப் போனேன். போன இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது தட்டில் பாதி காலி.

"இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார்.

பஸ் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும் வேலை முடிந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் இவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தன் வண்டி கிளம்பி வளைந்து மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். கண்டக்டர் வந்து என்னிடம் சொன்னார். ஆனால் பஸ் முதலாளி நல்லவர். பஸ் ஸ்டாண்டிலேயே டைம் கீப்பர் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதி, விசில் ஊதி அனுப்ப வேண்டும். வலது கையால்தான் எழுதுகிறார். புது டிரைவர்களுக்கு வளைவைப் பற்றி அறிவுரை வேறு. பாவம் அவர்கள்.

மும்தாஜின் மெஷின் அவள் கடைக்கே திரும்பிப் போய்விட்டது. எங்கள் டி.வி. மேல் அது இருந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. அங்கே வேறு எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

*

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பேப்பரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மும்தாஜ் செய்தியைப் படித்தாள். முகம் கொஞ்சம் மாறியது.

"அவ்ளோ பெரிய கம்பெனி எறங்குனா, என் மெஷின் பழைய இரும்பு ஆயிடும் இல்ல அக்கா?"

அதுதான் எங்களுக்கும் கவலை. மூன்று பேரும் உட்கார்ந்து, அமெரிக்காக்காரன் மனசில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தோம். தையல் மெஷின் மேல் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டு.

ஏன் செய்கிறான்? ஆபீஸ் கம்ப்யூட்டரை எல்லாம் பிடித்தாயிற்று. இனி எங்கே போவது? வீட்டு ஹாலில் ஒரு டி.வி. இருக்கிறதே, அதற்கு அடியில் இடம் இருக்கிறதே – அங்கேதான் வருகிறான் என்பது என் யூகம். உள்ளே ஒரு முழு கம்ப்யூட்டரையே வைத்திருப்பானோ? அப்படியானால் எங்கள் ஆபீஸில் இருப்பதுபோல் சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் யோசிக்குமா? ரேஸ் நடுவில் உறைந்து போய் நின்றுவிட்டால்? இல்லை, விளையாட்டுக்கென்றே தனியாகச் செய்தால் அப்படியெல்லாம் விடமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. டெலிபோன் ஒயரில் மாட்டி, நான் இங்கிருந்தும் இன்னொருவர் வாலாஜாபாத்தில் இருந்தும் ஒன்றாக ஓட்டலாம் என்று ஒரு காலம் வருமோ? வந்தாலும் வரும். டெலிபோன் பில்லை நினைத்தால் வராமலிருப்பதே நல்லது.

மும்தாஜின் சந்தேகம் வேறு. "அமெரிக்காக்காரன் நம்மூர் கரண்ட்ட நெனச்சிப் பார்ப்பானா அக்கா? ஜப்பான்காரன் மெஷினே வோல்டேஜ் ஏறி எறங்கும்போது அலறுது. அவனோடது தாங்குமா?"

"ரிமோட்டும் அவன் கை சைஸுக்குத்தான் செய்வான்" என்றார் இவர். "பெருசா இருக்கும். எனக்கு அதான் நல்லது. பட்டன் பெருசா, லேசா அழுந்தற மாதிரி வெச்சா, என்னை மாதிரி கை போனவன் எத்தினி பேருக்கு ஒதவும்."

அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார்.

"ரேஸே போட்டுக்கினு இருக்கக் கூடாது. பஸ் ஓட்டற ஆட்டம் ஒண்ணு போடட்டும். ஸ்டாப்பிங்ல ஒயுங்கா நிறுத்தனா மார்க். ஏறுன ஜனத்த எறக்கி வுட்டா மார்க். ஃபர்ஸ்ட் வந்தா மார்க் இல்ல."

"அத்த யாரு அண்ணே வெளையாடுவாங்க?"

"நான் வெளையாடுவேன். கடைக்குத் தெனம் வருவேன்."

"அப்போ வாங்கிட வேண்டியதுதான்" என்றாள் மும்தாஜ்.

வரப்போகிற அந்தப் பெட்டி உலகத்தைப் பிடிக்குமா, நஷ்டத்தில் படுக்குமா, ஜப்பான்காரன் விடுவானா… தெரியாது. பெரிய பெரிய ஆட்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஜப்பானில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் ஒருவர் அந்தக் குட்டி பட்டனைப் பொருத்தியபோது, உத்திரமேரூரில் ஒரு பஸ் டிரைவரின் கட்டை விரல் அதன் மேல் வந்து உட்காரும் என்று நினைத்திருக்க வழியே இல்லை. பிள்ளைகள் விளையாடுவதற்குச் செய்தார். அது எங்கள் வீட்டுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்தது. அவருக்கு என் நன்றி. புதிதாகச் செய்யப்போகிற அமெரிக்காக்காரனுக்கும் முன்கூட்டியே ஒரு நன்றி – அது யார் வீட்டில் யார் கைக்குப் போய்ச் சேருமோ, யார் கண்டது?

கிளம்பும்போது மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "நீ மட்டும் அன்னிக்கு…"

"அக்கா, போன வாரம் குடுத்த ரவிக்கை தெச்சி வெச்சிருக்கேன். கை கொஞ்சம் லூஸா கீதா, போட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

எப்போதும் இப்படித்தான். நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறாள். இதோ, அச்சில் சொல்லிவிட்டேன். இதை எப்படி மாற்றுகிறாள், பார்க்கலாம்.